பன்னிரண்டாவது தாலர்

எங்கள் ஊர்க் கோயிலில் இடது பக்கப் பீடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் சிவப்புப் பட்டின்மேல் ஒரு பழைய வெள்ளித் தாலர் நாணயம். அடியில் பித்தளைத் தகடு: 'பெரிய பண்ணை ஒட்டீலியா அம்மாள் மாதாவுக்குக் கொடுத்த காணிக்கை.' வாயும் வயிறுமாக இருக்கிற பெண்கள் வந்து அந்தக் கண்ணாடியை முத்தமிடுகிறார்கள். முத்தமிட்டு முத்தமிட்டு எச்சில் காய்ந்து கண்ணாடியே மங்கிப்போச்சு. மணியடிக்கிறவன் சனிக்கிழமை தோறும் மூக்குச் சிந்துகிற துணியாலேயே அதைத் துடைக்கிறான். மறுநாள் மறுபடி வாய்கள் வரிசையில் நிற்கும்.

தூ! எனக்கு அந்தப் பக்கம் திரும்பினாலே குமட்டும். எச்சிலைச் சொல்லவில்லை. நான் வண்டிக்காரன், இதைவிட மோசமானதையெல்லாம் பார்த்தவன். அந்தத் தகட்டில் இருக்கிற பேரைச் சொல்கிறேன். அந்தத் தாலர் கோர்துலாவுடையது. இது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் முத்தமிடுகிறார்கள்.

என் பேர் உர்பான். முப்பது வருஷமாக வாரம் ஒரு நாள், சனிக்கிழமை, லாண்ட்ஸ்ஹூட் பட்டணத்துக்கு வண்டி ஓட்டுகிறேன். வெண்ணெய், முட்டை, கடிதம், கல்யாணத் துணி, எது கொடுத்தாலும் கொண்டுபோவேன், எது சொன்னாலும் வாங்கி வருவேன். ஊர் ரகசியம் பாதி என் வண்டியில்தான் ஏறி இறங்கும். கோர்துலா கதையை நான் சொல்லாமல் யார் சொல்லப் போகிறார்கள்? சாமியார் சொல்வாரா? நல்லாச் சொல்வார்!

கோர்துலா ஒரு ஆட்டிடையன் பெண். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கு ஞானத்தாயாக வர வேண்டிய அத்தைக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்த பட்டணத்து மதுக்கடைக்காரர் மனைவி ஒருத்தி, 'சரி, நான் தூக்கிக்கறேன்' என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஞானத்தாய் வெறுங்கையோடு வரக்கூடாது. அந்த அம்மா பையைத் துழாவி ஒரு மாதா தாலரை எடுத்துக் குழந்தையின் சுற்றுத்துணியில் முடிந்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளை யாரும் பார்க்கவில்லை.

மாதா தாலர் எங்கள் நாட்டில் அதிசயமில்லை. ஒரு பக்கம் பழைய இளவரசர் தலை, மறுபக்கம் குழந்தையோடு மாதா. ஆனால் இதில் குழந்தை மாதாவின் வலது கையில் இருந்தது. அப்படி அச்சடித்தது கொஞ்சம்தான். வலது கை மாதாவைப் பிள்ளை பெறுகிறவள் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டால் தாயும் பிள்ளையும் பிழைக்கும் என்பது எங்கள் பெண்கள் நம்பிக்கை. ஞானஸ்நானத்தில் கொடுத்ததாக இருந்தால் அந்த ரத்தத்துக்கு மட்டும்தான் பலிக்குமாம். விற்றால் அதன் சக்தி செத்துப்போகுமாம். துளை போட்டாலும் அப்படித்தான்.

கோர்துலா பன்னிரண்டு வயதில் பெரிய பண்ணைக்கு வேலைக்கு வந்தாள். மாட்டுக் கொட்டகைக்கு மேலே வைக்கோல் பரணில் படுக்கை. அந்தத் தாலரைப் பாவாடை ஓரத்தில் வைத்துத் தைத்திருந்தாள். வெயிலே வராத அந்தப் பஞ்ச வருஷத்தில், ரொட்டி மாவில் மரத்தூள் கலந்து தின்ற காலத்தில், அவள் செந்தட்டிக் கீரையை வேகவைத்துத் தின்றாளே தவிர, அந்தத் தையலைப் பிரிக்கவில்லை. அப்புறம் கோயில் கூரை வேய வந்த ஒருத்தன் அவளுக்கு ஒரு பெண்ணைக் கொடுத்துவிட்டுக் கம்பி நீட்டினான். அன்றைக்கு மட்டும் தையலைப் பிரித்தாள். தாலரைக் கையில் இறுக்கிக்கொண்டு, கொட்டகையில், ஒத்தையாளாய் ஆஃப்ராவைப் பெற்றாள். மூன்றாம் நாள் பால் கறக்க உட்கார்ந்துவிட்டாள். தாலர் மறுபடி பாவாடைக்குள் போய்விட்டது.

'இது உனக்குத்தான்டி. உனக்கு நேரம் வரும்போது உன் கையில நானே வைப்பேன்' என்று ஆஃப்ராவுக்கு நடை பழகும்போதே சொல்வாள். சீதனம், நிலம், நல்ல பேர் ஒன்றும் கொடுக்க வழியில்லை. இது ஒன்றைத்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆஃப்ரா வளர்ந்து, காட்டோரத்தில் விளக்குமாறு கட்டுகிற ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் வருஷம் முழுகாமல் இருந்தாள். ஜூன் கடைசியில் வருகிற அருளப்பர் திருநாளை ஒட்டிப் பிரசவம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

இப்போது ஒட்டீலியா. கோர்துலா வேலை பார்த்த பண்ணையின் எஜமானி. எங்கள் ஊரில் பண்ணைக்காரிகளின் பவிசு எல்லாம் மார்பில்தான் தொங்கும். மேல்சட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுகிற வெள்ளிச் சங்கிலி, அதில் வரிசையாகத் தாலர்கள். நற்கருணைப் பவனியன்று ஒருத்தி மார்பை ஒருத்தி எண்ணுவாள். வாய் ஜெபம் சொல்லும், கண் எண்ணும். ஒட்டீலியாவிடம் பதினொன்று. மில்காரன் மனைவிக்குப் பன்னிரண்டு, அதில் ஒன்று வலது கை மாதா. இந்தப் பதினொன்று ஒட்டீலியாவைத் தின்றுகொண்டிருந்தது. தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை என்றால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு பெரிய உடம்பு. ஆனாலும் அதுதான் உண்மை.

அந்த வருஷம் பவனிக்கு முந்தின நாள், புதன்கிழமை, ஒட்டீலியா கொட்டகைக்கே போய்விட்டாள். நான் சனிக்கிழமை வெண்ணெய்க் கணக்குக் கேட்க வந்தவன், வாசலில் நின்றேன்.

"அடியே கோர்துலா, உன் மாதாவை நாளைக்கு ஒரு நாள் குடு. சங்கிலியில கட்டிக்கிட்டு வந்துட்டுத் தந்துடறேன்."

"அம்மா, பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு..."

"இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல கிடக்கு! நான் என்ன அதை முழுங்கிடவா போறேன்? நாப்பது வருஷமா என் வீட்டு ரொட்டி தின்னுற. ஒரு நாள் குடுக்க மாட்டியா?"

இது இரண்டாவது தரம். எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பொருளை இரவல் வாங்க ஒரு முறை உண்டு. மூன்று தரம் கேட்க வேண்டும். திருப்பித் தரும்போது உடையவள் அதை உள்ளங்கையில் வாங்கி, 'கடவுள் கைம்மாறு தரட்டும்' என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை விழாதவரை வைத்திருக்கிறவள் வீடு விளங்காது. ஒட்டீலியா மூன்றாவது தரமும் கேட்டாள். "வெள்ளிக்கிழமை மாலை மணி அடிக்கிறதுக்குள்ள உன் கையில. மாதா மேல சத்தியம்."

கோர்துலா பாவாடை ஓரத்தைப் பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தாள். தாலர் கறுத்துப்போய், நூல் ஒட்டிக்கொண்டு இருந்தது. ஒட்டீலியா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "அய்யே, மாட்டு நாத்தம்" என்றாள். வேண்டும், ஆனால் நாற்றம் மட்டும் வேண்டாம்!

பவனியில் ஒரு வேடிக்கை நடந்தது. மற்ற தாலருக்கெல்லாம் வளையம் உண்டு, இதற்கு இல்லை. கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். நடக்க நடக்க அது திரும்பிக்கொண்டே வந்தது. மாதா உள்பக்கம் போய், இளவரசர் தலை வெளியே வந்துவிட்டது. மில்காரன் மனைவி சும்மா இருப்பாளா? "என்ன ஒட்டீலியா, மாதாவுக்கே உன் கூட வர்றது பிடிக்கலையா? மூஞ்சியத் திருப்பிக்கிறாளே!" என்றாள். நாலு பேர் கெக்கெக்கே என்று சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தது. கோர்துலா போய்க் கேட்டதற்கு, "பண்ணையார் பெட்டியைப் பூட்டிட்டுச் சாவியோட சந்தைக்குப் போயிட்டார், நாளைக்கு வா" என்று பதில். மறுநாள் விடியலில் ஒட்டீலியா என் வண்டியை மறித்தாள். கையில் ஒரு துணிப் பொட்டலம்.

"உர்பான், இதைத் தட்டாரத் தெரு கிழவன்கிட்டக் குடுத்து, தலைப்பக்கமா ஒரு வளையம் வெச்சுப் பளபளன்னு விளக்கித் தரச் சொல்லு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

பொட்டலத்தைத் தடவியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "பண்ணையம்மா, இது கோர்துலாவோடது இல்லையா?"

"அவளுக்குப் புதுப் பாவாடை வாங்கித் தரேன். உனக்கு என்னய்யா வந்தது?" என்று சொல்லி, என் இருக்கைக்கு அடியில் ஒரு பன்றிக்கறித் துண்டத்தை வைத்தாள். புகையில் தொங்கவிட்ட பழைய கொழுப்பு, கை நீளத்துக்கு ஒன்று. ஜூனிபர் குச்சி போட்டு ஆறு வாரம் புகைத்தது. அந்த வீட்டுக் கொழுப்பின் வாசம் நாலு வீடு தள்ளியே தெரியும்.

நான் வாங்கிக்கொண்டேன். ஏன் மறைக்க வேண்டும்? பெரிய பண்ணை வெண்ணெய்தான் என் வண்டியில் பாதிச் சுமை. அது போனால் என் குதிரைக்குத் தீனி இல்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளபடி சொன்னால், நாக்கில் எச்சில் ஊறியது. அவ்வளவுதான்.

தட்டான் கிழவன் தாலரை விரலால் தேய்த்துப் பார்த்தான். "இதுல சூடு வெச்சா மாதா முகத்துல வெள்ளி ஓடிடும்யா. ஒத்துக்கிறாங்களா?" என்றான். நான் தலையாட்டினேன். அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆஃப்ராவுக்கு வலி கண்டுவிட்டது. நாளுக்கு முன்னாலேயே. கோர்துலா வெறுங்காலோடு பண்ணை வீட்டுக்கு ஓடினாள். ஒட்டீலியா படியிலிருந்து இறங்கவே இல்லையாம். "சாவி இன்னும் கிடைக்கலைடி. மாதா எங்க இருந்தாலும் மாதாதானே, போய் ஜெபம் பண்ணு" என்றாளாம். இந்த வாய்க்கு என்ன போடலாம், நீங்களே சொல்லுங்கள்.

அங்கிருந்து என்னிடம் வந்தாள். நான் லாயத்தில் உட்கார்ந்து கொழுப்பை மெல்லிசாக வகுந்து ரொட்டியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தேன். அவள் என் முகத்துக்கு நேராக, மூச்சு இரைக்க நின்றாள்.

"உர்பான் அண்ணே, சத்தியமாச் சொல்லுங்க. என் தாலர் உங்க வண்டியில ஏறிச்சா? ஏறியிருந்தா குதிரையைப் பூட்டுங்க அண்ணே. பட்டணம் நாலு மணி நேரம். போயிட்டு வந்துடலாம். அவளுக்கு முதல் பிரசவம், ராத்திரி ஆகும்."

போயிருக்கலாம். குதிரை தின்று கொழுத்து நின்றது, சாலை காய்ந்து கிடந்தது. நான் மென்றதை விழுங்கினேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.

அவள் திரும்பிக் காட்டுப் பக்கம் ஓடினாள்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் இழுத்தது. ஆண் குழந்தை, கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாரித்துப் பிறந்தது. அழவே இல்லை. ஆஃப்ரா பிழைத்துக்கொண்டாள். தாலர் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்காதீர்கள். மருத்துவச்சி இல்லை என்றாள், கொடி சுற்றினால் இளவரசியின் பிள்ளையும் சாகும் என்றாள். இருக்கலாம். ஆனால் ஆஃப்ரா பிறந்த நாளிலிருந்து கோர்துலா காத்து வைத்தது அந்த ஒரு நாளுக்காக. அந்த நாளில் ஆஃப்ரா கையை விரித்துக்கொண்டு, "அம்மா, அது எங்கம்மா, எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பெற்றவள் அந்த வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை என்று கல்லறைச் சுவருக்கு வெளியே, வடக்குப் பக்கம், நாய் ஒதுங்குகிற இடத்தில் புதைக்கச் சொன்னார் சாமியார். ஊர்ப் பெண்கள் தண்ணீர்த் தொட்டியில் துணி துவைத்துக்கொண்டே, "அப்பன் பேர் தெரியாம பெத்தவ பொண்ணுதானே, அதான்" என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அசிங்கம் பிடித்த வாய்கள்.

சனிக்கிழமை தாலர் என் வண்டியில் திரும்பி வந்தது. பளபளவென்று, தலையில் வளையத்தோடு. மாதாவின் முகம் உருகி மழுங்கி, கண்ணும் மூக்கும் ஒன்றாகிவிட்டிருந்தது. ஒட்டீலியா வாயெல்லாம் பல்லாக வாங்கிப் பெட்டியில் வைத்தாள். மீதிக் கொழுப்பை நான் பன்றிக்கே போட்டேன். பன்றி, தன் இனத்துக் கொழுப்பு என்று தெரியாமல் தின்றது. அதைப் பார்த்துவிட்டு வேலியோரம் போய் வாந்தியெடுத்தேன்.

ஜூலை மாதம் ஆலங்கட்டி மழை பெய்தது. பெரிய பண்ணைக் கோதுமை மொத்தமும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. பக்கத்து வயலில் ஒரு கதிர்கூட ஒடியவில்லை. ஊர் கிசுகிசுத்தது: 'வார்த்தை விழல, அதான்.' குழந்தை செத்தபோது அசையாத ஒட்டீலியா, கோதுமை செத்ததும் நடுங்கிப்போனாள். என்னைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். தாலர் என் கை வழியாகப் போய் வந்ததால் நானும் நிற்க வேண்டுமாம்.

கோர்துலா முக்காலியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள். பேரனைப் புதைத்த மறுநாளே வேலைக்கு வந்தவள். வேறு எங்கே போவாள்?

"கோர்துலா, இந்தாடி உன் பொருள். கையை நீட்டு."

"கை வேலையா இருக்கும்மா."

"முடிச்சிட்டே வாங்கிக்கோ. நான் நிக்கிறேன்." பண்ணைக்காரி சாணியில் நின்றாள்.

கோர்துலா நிதானமாகக் கறந்து முடித்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஒட்டீலியாவின் உள்ளங்கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்னோடது இல்லம்மா. என் மாதாவுக்கு மூஞ்சி இருந்தது."

"ஏட்டிக்குப் போட்டியாப் பேசாதடி. உனக்கு ஒரு பசுங்கன்னு தரேன். ரெண்டு வேணும்னாலும் தரேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலை."

"சொல்றேம்மா. செவ்வாய்க்கிழமையைக் கொண்டாங்க. அன்னைக்குக் காலையில நான் படிக்குக் கீழ நின்னேனே, அந்த நேரத்தைக் கொண்டாங்க. கையை நீட்டி வாங்கிக்கறேன், வார்த்தையும் சொல்றேன்."

"செவ்வாய்க்கிழமையை நான் எங்கடி போய்க் கொண்டார்றது?"

"அப்போ தள்ளி நில்லுங்கம்மா. அடுத்த மாடு காத்துக்கிட்டு இருக்கு."

ஒட்டீலியா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். பாலும் சாணியுமாக நாறுகிற அந்தக் கொட்டகையில் நாறிப்போய் நின்றது நாங்கள் இரண்டு பேரும்தான்.

அதற்கப்புறம் அவள் ஓடியது சாமியாரிடம். அவர் கையை நீட்டித் தாலரை வாங்கி, யார் சொல்ல வேண்டிய வார்த்தையோ அதையும் தன் வாயாலேயே சொல்லி முடித்துவிட்டார். "மாதாவுடையது மாதாவுக்கே" என்றார். கண்ணாடிப் பெட்டி வந்தது, தகடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஒட்டீலியாவின் தாராள மனசைப் பற்றிக் கால் மணி நேரம். சுவருக்கு வெளியே புதைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துளை போட்டால் செத்துப்போகும் என்று சொன்ன அதே பெண்கள், வளையம் வைத்து உருக்கினதை முத்தமிட வரிசையில் நின்றார்கள். கோர்துலா அந்தப் பீடத்தின் பக்கமே போகவில்லை. பூசைக்கு வருவாள், பின்னால் கதவோரம் நிற்பாள், போய்விடுவாள்.

இரண்டு வருஷம் கழித்து ஆஃப்ராவுக்கு மறுபடி நாள் நெருங்கியது. "கோவிச்சுக்காதே, ஒரு தரம் போய்க் கண்ணாடியை முத்தமிடச் சொல்லு" என்று பெண்கள் கோர்துலாவுக்குப் புத்தி சொன்னார்கள். வலி கண்டதும் கோர்துலா மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "பிடிச்சுக்க ஒண்ணும் இல்லைன்னு பயப்படாதடி. என் கையைப் பிடி" என்றாளாம். விடிய விடிய ஆஃப்ரா அந்தக் கையைப் பிடித்து நெரித்தாள். பெண் குழந்தை பிறந்தது, காட்டுக்கே கேட்கிற மாதிரி அழுதது.

அந்த வாரம் நான் விளக்குமாறு ஏற்றக் காட்டோரம் போனேன். கோர்துலா வாசலில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்கள் வீங்கி, நகம் பதிந்த இடமெல்லாம் கருநீலமாக இருந்தது. என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றினேன்.

"கோர்துலா, அன்னைக்கு நீ லாயத்துக்கு வந்து கேட்டியே... எனக்குத் தெரியும்மா. நான்தான் பட்டணத்துக்குக் கொண்டு போனேன். பொய் சொல்லிட்டேன்."

அவள் குழந்தையின் வாயோரத்தில் ஒழுகின பாலைத் துடைத்தாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில்.

"தெரியும் அண்ணே. அந்த வீட்டுக் கறியைப் புகைக்கிறதே நான்தானே. 'எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு நீங்க வாயைத் திறந்தப்பவே வாசம் அடிச்சுது."